பட்டன் இல்லாத படம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெரு மூழ்கியதை யாரோ எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு படம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நடுவில் பட்டன், கீழே சிவப்புக் கோடு! என்ன செய்வது?
– வாசகி, மணலி புதுநகர்

ஸ்கிரீன்ஷாட் அப்படித்தான், திரையில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். கம்ப்யூட்டரில் குரோமைத் திறங்கள். முதலில், வீடியோவின் செட்டிங்கில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை வையுங்கள். இதை மறந்தால் வெள்ளமும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரே கலராகத் தெரியும். வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, கீபோர்டில் புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும். கமாவைத் தட்டினால் பின்னால் வரும். ஒரு நொடிக்குள் பெரும்பாலும் 30 ஃபிரேம் இருக்கும். படம் கலங்கலாகத் தெரிகிறதா? இரண்டு தட்டு தள்ளிப் பாருங்கள், தெளிவாக ஒன்று மாட்டும்.

பிறகு வீடியோ மேல் ரைட் கிளிக். யூடியூப் தன் மெனுவை நீட்டும். கண்டுகொள்ளாமல் இன்னொரு முறை ரைட் கிளிக் செய்யுங்கள். இப்போது வரும் மெனுவில் 'சேவ் வீடியோ ஃபிரேம் ஆஸ்' இருக்கும். ஃபயர்பாக்ஸில் அதற்குப் பெயர் 'டேக் ஸ்னாப்ஷாட்'. பட்டனும் கோடும் இல்லாத படம் கைக்கு வந்துவிடும்.

எங்காவது அச்சுக்குக் கொடுப்பதானால், எடுத்தவரிடம் கமெண்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.