சராசரி மறைத்த கணக்கு

“அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய் குறைந்து வருகிறது.”
“அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய் அதிகரித்து வருகிறது.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, எது சரி என்று ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்று சரியென்றால் மற்றது தவறாகத்தான் இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் இரண்டுமே சரி. அது எப்படி என்பதை விளக்க ஒரு பாடவேளை போதும். அந்தப் பாடவேளை புள்ளியியலுக்கும் உதவும், செரிமான மண்டலப் பாடத்துக்கும் உதவும். ஆசிரியர்களாகிய நாம் நமக்காகவே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது.

நோயைப் பற்றிச் சில வரிகள்

பெருங்குடலிலும் அதன் கடைசிப் பகுதியான மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய்களைச் சேர்த்தே கணக்கிடுவது வழக்கம். பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறுவதில்லை. மாறுபவைக்கும் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகிறது. கொலோனோஸ்கோபி என்னும் பரிசோதனையில், நுனியில் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி குடலின் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். பாலிப் தென்பட்டால் அப்போதே அகற்றிவிடலாம். எனவே இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதோடு நிற்பதில்லை, வராமலும் தடுக்கிறது.

இரண்டு போக்குகள்

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1973 முதல் மக்கள்தொகை அடிப்படையில் புற்றுநோய்களைப் பதிவு செய்து வருகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, 1985-ல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 66 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 2019-ல் அது சுமார் 36 ஆகக் குறைந்தது. புகைபிடிப்போர் குறைந்தது ஒரு காரணம். 2000-க்குப் பிறகு கொலோனோஸ்கோபி பரவலானது மற்றொரு காரணம்.

இந்த எண்களோடு நிறுத்திக்கொண்டால் இது வெற்றிக் கதை. வயதுவாரியாகப் பிரித்தால் வேறு படம் கிடைக்கிறது. 55 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இந்நோயின் விகிதம் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. முதியோரிடம் ஏற்பட்ட பெரிய சரிவு, இளையோரிடம் ஏற்பட்ட உயர்வை மொத்தக் கணக்கில் மூடிவிட்டது.

வகுப்பறைச் செயல்பாடு: ஒரு லட்சம் பேர் வாழும் ஊர்

பின்வரும் எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. ஓர் ஊரில் 50 வயதுக்கு உட்பட்டோர் 70,000 பேர், மற்றவர்கள் 30,000 பேர். இந்த எண்ணிக்கை மாறவில்லை என்று கொள்வோம்.

முன்பு: இளையோரில் 4 நோயாளிகள், முதியோரில் 60. மொத்தம் 64.
இப்போது: இளையோரில் 8 நோயாளிகள், முதியோரில் 30. மொத்தம் 38.

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மூன்று விகிதங்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஊர் முழுவதற்கும் லட்சத்துக்கு 64 என்பது 38 ஆகிறது. முதியோரிடம் லட்சத்துக்கு 200 என்பது 100 ஆகிறது. இளையோரிடம் மட்டும் 5.7 என்பது 11.4 ஆகிறது. மொத்தம் குறைந்திருக்கிறது, ஒரு பிரிவில் இரட்டிப்பாகியிருக்கிறது.

இங்கேயே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: “இரட்டிப்பாகிவிட்டது என்பதால் இளையோருக்குத்தான் ஆபத்து அதிகமா?” இல்லை. 11.4 என்பது 100-ஐவிட மிகக் குறைவு. ‘எத்தனை மடங்கு’ என்பதோடு ‘எத்தனை பேருக்கு’ என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செய்தித்தாளில் வரும் ‘இரு மடங்கு உயர்வு’ போன்ற தலைப்புகளைப் படிக்கவும் இது உதவும்.

தொடக்க வகுப்புகளில் நோயின் பெயரே வேண்டாம். ஓர் ஊரில் முன்பு 60 புளிய மரங்களும் 4 வேப்ப மரங்களும் இருந்தன. இப்போது 30 புளிய மரங்களும் 8 வேப்ப மரங்களும் இருக்கின்றன என்று சொல்லுங்கள். புளியங்கொட்டைகளையும் கூழாங்கற்களையும் வைத்து எண்ணட்டும். “மரங்கள் குறைந்தனவா?” என்று கேட்ட பிறகு, “எல்லா வகை மரமும் குறைந்ததா?” என்று கேளுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் இது புரியும்.

பங்கு வேறு, விகிதம் வேறு

அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் 55 வயதுக்கு உட்பட்டோரின் பங்கு 1995-ல் 11 சதவீதமாக இருந்தது. 2019-ல் 20 சதவீதமானது. பலரும் மேற்கோள் காட்டும் எண் இது. இதை மட்டும் வைத்து இளையோரிடம் நோய் பெருகிவிட்டது என்று முடிவு செய்யலாமா?

நம் ஊருக்குத் திரும்புவோம். இளைய நோயாளிகள் 4 பேராகவே இருந்து, முதியவர்கள் மட்டும் 60-லிருந்து 30 ஆகக் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். இளையோரின் பங்கு 64-ல் 4, அதாவது சுமார் 6 சதவீதம். அது 34-ல் 4, அதாவது சுமார் 12 சதவீதமாக உயர்ந்துவிடும். ஒருவர்கூடக் கூடவில்லை, பங்கு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எனவே பங்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. இளையோர் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமும் தனியே உயர்ந்திருப்பதால்தான் அமெரிக்காவில் உயர்வு உண்மையானது என்று சொல்ல முடிகிறது.

வயதா, பிறந்த ஆண்டா?

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ரெபேக்கா சீகலும் அவருடைய குழுவினரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, மக்களை வயதோடு பிறந்த ஆண்டு வாரியாகவும் பிரித்துப் பார்த்தது. 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு ஒரு வயதில் இருந்த ஆபத்தோடு ஒப்பிட்டால், 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் இரு மடங்கு. மலக்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் நான்கு மடங்கு.

ஒரு தலைமுறை முழுவதும் கூடுதல் ஆபத்தைச் சுமக்கிறது என்றால், அதன் இளமைக் காலத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். உடல் பருமன், உடலுழைப்புக் குறைவு, மது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை இந்நோயின் ஆபத்தைக் கூட்டுபவை. பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் சேர்த்தது. ஆனாலும் நோயுற்ற இளையோர் எல்லாரும் உடல் பருமன் உடையவர்கள் அல்லர். குடல்வாழ் நுண்ணுயிர்களில் ஏற்பட்ட மாற்றம் உட்படப் பலவற்றை ஆய்வாளர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். அறிவியலில் ‘என்ன நடக்கிறது’ என்பது ‘ஏன் நடக்கிறது’ என்பதற்கு முன்பே உறுதியாகிவிடுவது உண்டு என்பதற்கு மாணவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எண்கள் மாற்றிய முடிவு

‘பிளாக் பேந்தர்’ படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மேனை மாணவர்கள் பலர் அறிவார்கள். 2016-ல் அவருக்கு மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது 39. 2020 ஆகஸ்ட் 28 அன்று, 43 வயதில் இறந்தார். அந்நாட்டில் அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை 50 வயதில் தொடங்குவதே நீண்ட காலம் பொது வழக்கமாக இருந்தது. வயதுவாரிக் கணக்குகள் வெளிவந்த பின், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018-லும், அந்நாட்டின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021-லும் அந்த வயதை 45 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தன. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது.

இந்தியாவில் இந்நோயின் விகிதம் அமெரிக்காவைவிடக் குறைவு. ஆகவே அவர்களுடைய வயது வரம்பை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம்முடைய முடிவுகளை நம்முடைய கணக்குகளே சொல்ல வேண்டும். சென்னையில் 1980-களின் தொடக்கம் முதல் இயங்கி வரும் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு அதற்காகத்தான்.

அறிகுறிகள் மட்டும் எந்த நாட்டிலும் ஒன்றே: மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலங்கழிக்கும் பழக்க மாற்றம், தொடரும் வயிற்றுவலி, காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை. இவற்றுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும். ஆனால் “மூலமாகத்தான் இருக்கும்” என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது சரியல்ல. “இந்த வயதில் வராது” என்ற எண்ணமும் நோயறிதலைத் தாமதப்படுத்துகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

செரிமான மண்டலப் பாடம் நடத்தும்போது ‘மலம்’ என்ற சொல் வந்ததும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் அதே சொல்லை இயல்பான குரலில் மீண்டும் சொல்லிப் பாடத்தைத் தொடருங்கள். இரத்தம் கண்டால் வீட்டில் சொல்லலாம், மருத்துவரிடம் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. வீட்டில் அப்பாவோ அம்மாவோ மறைத்து வைத்திருக்கும் ஒரு தொந்தரவை வெளியே பேச வைப்பதும் அந்தக் குழந்தையாகவே இருக்கக்கூடும்.