எடிட்டரில் குறையா? புலம்பாமல் இப்படி எழுது!

திருவானைக்காவல் சன்னதி வீதியில் சாயங்காலம் நடந்து பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தனாவது ஃபோனில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். இந்தோனேஷியாவின் மாலியோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா'தான் அந்த விளையாட்டு. ஜாவா சாலையில் நம்ம ஊர் அரசு பஸ் ஓடுகிறது என்றால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து அதற்கு ஸ்கின் வரைந்ததால்தான். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் செக் நாட்டு எஸ்.சி.எஸ். நிறுவனத்தின் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'-இல் சாலையே போடப் பார்க்கிறார்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பஸ் மாடல் செய்கிற தங்கச்சிகளும் இருக்கிறார்கள்.

இவ்வளவு திறமை இருக்கிற உங்களுக்கு ஒரு வேலை மட்டும் வரவில்லை. ஸ்கின், மாடல், சாலை எல்லாம் செய்கிற எடிட்டரில் குறை கண்டால் அதைச் செய்தவர்களிடம் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. "வொர்க் ஆகல ப்ரோ, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று ஒரு வரி. அப்புறம் பதிலே வரவில்லை என்று கோபம். அவர்களால் உன் திரையை எட்டிப் பார்க்க முடியுமா? நீ எழுதுவது மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். அக்கா சொல்கிறபடி எழுது. அரை மணி நேர வேலைதான்.

1. யார் செய்த தப்பு என்று முதலில் பார்

ஸ்கின் வரைந்து ஏற்றுகிறாய். பஸ்ஸின் ஒரு பக்கம் 'ஸ்ரீரங்கம்' சரியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறிக் கிடக்கிறது. உடனே எடிட்டரைத் திட்டாதே. பஸ் மாடல் செய்தவர் இரண்டு பக்கத்துக்கும் படத்தின் ஒரே பகுதியை ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து விரிக்கச் சொல்லி அவரிடம் கேள். அடிபிடித்தது பாத்திரத்தில், நீ அடுப்பைத் திட்டினால் எப்படி?

விளையாட்டைச் செய்தவர், எடிட்டரைச் செய்தவர், விளையாட்டில் சேர்க்கிற பஸ், சாலை மாதிரி மோட் செய்தவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். தப்பான ஆளுக்கு எழுதினால் படிக்காமலேயே மூடிவிடுவார்கள். மைன்கிராஃப்டைச் செய்த மொஜாங், மோட் போட்ட விளையாட்டில் வந்த பிழைப் புகார்களை ஏற்பதே இல்லை.

2. எல்லா மோடையும் கழற்றிவிட்டு ஒருமுறை பார்

யூரோ டிரக்கில் புதிதாக ஒரு ப்ரொஃபைல் திறந்து, மோட் எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார். பிளெண்டரில் ஃபைல் மெனுவிலேயே 'ஃபேக்டரி செட்டிங்ஸ்' ஏற்றும் வசதி இருக்கிறது. பிழை போய்விட்டதா? அப்படியானால் குற்றவாளி நீ போட்ட மோடுகளுக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. பாதியை மட்டும் போடு. பிழை வந்தால் அந்தப் பாதியில் தேடு, வராவிட்டால் மறுபாதியில் தேடு. அதையும் பாதியாக்கு. முப்பது மோட் இருந்தாலும் ஐந்தாறு தடவைக்குள் ஆள் சிக்கிவிடும்.

3. வெர்ஷன், லாக், இடம்: மூன்றும் இல்லாமல் அனுப்பாதே

"லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று எழுதாதே. நீ எழுதும்போது லேட்டஸ்டாக இருந்தது, அவர்கள் படிக்கும்போது பழசாகியிருக்கும். எண்ணைப் பார்த்து எழுது. பிளெண்டரில் ஹெல்ப் மெனுவில் 'ரிப்போர்ட் எ பக்' என்று இருப்பதை அழுத்தினால் வெர்ஷன், கிராஃபிக்ஸ் கார்டு விவரமெல்லாம் தானாகவே நிரம்பிவிடும். இவ்வளவு சுலபமாக வைத்திருக்கிறார்கள், நீ ஏன் கையால் அடித்துக் கஷ்டப்படுகிறாய்?

யூரோ டிரக்கில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'கேம்.லாக்' என்று ஒரு ஃபைல் இருக்கும். கிராஷ் ஆனவுடன் அதை வேறு இடத்தில் காப்பி எடுத்து வை. மறுபடி விளையாட்டைத் திறந்தால் புதிய லாக் எழுதப்பட்டுப் பழையது போய்விடும். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சாலையில் ஓர் இடத்தில் மரம் அந்தரத்தில் தொங்குகிறதா? அங்கேயே நின்று எஃப்11 அழுத்து. அந்த இடத்தின் ஆயத்தொலைவு தனி ஃபைலில் பதிந்துவிடும். "பாலம் தாண்டி கொஞ்ச தூரத்தில்" என்று எழுதினால் அவர்கள் எந்தப் பாலத்தைத் தேடுவார்கள்?

லாக் ஃபைலை அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பார். ஃபோல்டர் வழியில் உன் பெயர் இருக்கும். வேண்டாம் என்றால் அழித்துவிட்டு அனுப்பு. முழு லாக்கையும் கடிதத்துக்குள் கொட்டாதே, இணைப்பாகக் கொடு.

4. அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது

இதைத்தான் நான் ரொம்பவும் அழுத்திச் சொல்லுவேன். பஸ் போர்டில் தமிழ் உடைந்து வருகிறது என்று புலம்பாத பிள்ளையே இல்லை. ஆனால் உடைந்த படத்தை மட்டும் அனுப்பி "டமில் நாட் கம்மிங்" என்று எழுதினால், யூரோ டிரக்கைச் செய்துகொண்டு பிராகாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எது சரி, எது தப்பு என்று எப்படித் தெரியும்? இரண்டுமே அவருக்குக் கோலம்தான்.

நடப்பது என்னவென்று புரிந்துகொள். யூனிகோடில் எழுத்துகள் நாம் உச்சரிக்கிற வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'திருவானைக்காவல்' என்பதில் 'னை' இருக்கிறதே, அதில் முதலில் 'ன', அப்புறம்தான் ஐகாரக் குறி. ஆனால் திரையில் குறி இடப்பக்கம் வர வேண்டும். 'கொள்ளிடம்' என்பதில் ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். 'ஸ்ரீரங்கம்' எழுதினால் முதல் நான்கு குறியீடுகள் சேர்ந்து ஒரே வடிவமாக வேண்டும். இந்தக் கூட்டல் வேலையைச் செய்யத் தனி மென்பொருள் பகுதி உண்டு. அது இல்லாத எடிட்டரில் குறி வலப்பக்கம் போய் நிற்கும், புள்ளி தனியாக விழும், 'ஸ்ரீ' இரண்டு துண்டாகும்.

விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ எஞ்சினின் பழைய 3-ஆம் வரிசையிலும் இந்தக் குறை இருந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0-இல் இப்படிப்பட்ட எழுத்துமுறைகளுக்கான வசதியைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நடக்காத காரியம் இல்லை, கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். இப்படி அனுப்பு:

- சோதனைச் சொல்லாக 'திருவானைக்காவல்', 'ஸ்ரீரங்கம்', 'கொள்ளிடம்' மூன்றையும் கொடு. தமிழில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று பெயரில் அடங்கிவிடும். நம் ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றியே இவ்வளவு நல்ல சோதனைச் சொற்கள் இருக்கின்றன!
- சொற்களைப் படமாக மட்டும் கொடுக்காமல் எழுத்தாகவும் ஒட்டு. அவர்கள் காப்பி எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.
- சரியாகத் தெரியும் படம், தவறாகத் தெரியும் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பான இடத்தில் சிவப்பு வட்டம் போடு.
- எந்த ஃபான்ட் என்று சொல். எல்லோருக்கும் கிடைக்கிற நோட்டோ சான்ஸ் தமிழில் ஒருமுறை சோதித்துவிட்டு எழுது. பாமினி மாதிரி பழைய ஃபான்டில் சோதித்தால் கணக்கில் சேராது, அதன் குறியீடே வேறு.

புகார் எழுதும் முன் அமைப்புகளைப் பார். ஃபோட்டோஷாப்பின் பழைய வெர்ஷன்களில் தெற்காசிய மொழிகளுக்கென்று எழுத்து அமைப்பில் தனித் தேர்வு இருக்கிறது. அதை மாற்றிவிட்டுப் புது ஃபைல் திறந்தாலே பலருக்குத் தீர்ந்துவிடும். அவசரமாக ஸ்கின் முடிக்க வேண்டுமா? தமிழ் சரியாக வருகிற இன்க்ஸ்கேப்பில் பெயரை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து ஒட்டிவிடு. அதற்காகப் புகார் அனுப்பாமல் இருந்துவிடாதே. உனக்குப் பின்னால் வருகிறவர்களும் தமிழில் போர்டு எழுத வேண்டும்.

5. புது வசதி கேட்கும்போது பட்டனைக் கேட்காதே, தொல்லையைச் சொல்

"இங்கே ஒரு பட்டன் வையுங்கள்" என்றால் ஏன் என்று அவர்களுக்குப் புரியாது. இப்படி எழுது: "மாம்பழச் சாலையிலிருந்து திருவானைக்காவல் வரை சாலை போடுகிறேன். ஓரத்தில் மின்கம்பங்களைக் கையால் ஒவ்வொன்றாக வைக்கிறேன். சாலையைக் கொஞ்சம் நகர்த்தினால் எல்லாக் கம்பத்தையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது." இதைப் படித்தவர், நீ நினைத்ததைவிட நல்ல வழியைச் சொல்லக்கூடும். அந்த வசதி ஏற்கெனவே ஏதாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கவும் கூடும்.

கோடோக்காரர்கள் வசதி கேட்பவர்களிடம் வரிசையாகக் கேள்வி வைக்கிறார்கள்: நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய், எங்கே தடங்கல், சில வரி ஸ்கிரிப்ட் எழுதிச் சமாளிக்க முடியாதா, இது எடிட்டருக்குள்ளேயே இருக்க வேண்டுமா, தனிச் சேர்க்கையாக இருந்தால் போதாதா? அவர்கள் கேட்காவிட்டாலும் நீ எந்த எடிட்டருக்கு எழுதினாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார். பாதிக் கோரிக்கை அங்கேயே தானாக உதிர்ந்துவிடும், மீதி பலமாகிவிடும்.

பழைய பழக்கத்தில் இருப்பவர்களையும் நினைத்துக் கேள். பிளெண்டரில் வெகுகாலம் வலது கிளிக் செய்தால்தான் பொருள் தேர்வாகும். புதிதாக வருகிற எல்லோரும் தடுமாறினார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80-இல் இடது கிளிக்கை வழக்கமாக்கினார்கள், வலது கிளிக்கையும் விருப்பத் தேர்வாக விட்டுவைத்தார்கள். அதனால் "மாற்று" என்று கேட்பதைவிட "இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடு" என்று கேட்டால் சண்டை வராது.

இன்னொன்று. பிளெண்டரின் பிழைப் பெட்டியில் புது வசதி கேட்டால் மூடிவிடுவார்கள். கோரிக்கைக்கு 'ரைட் கிளிக் செலக்ட்' என்று தனி இடம் உண்டு. எதற்கு எந்த வாசல் என்று பார்த்துப் போ.

6. ஒரு கடிதம், ஒரு விஷயம்

பத்துக் குறையை ஒன்றாக எழுதினால், ஒன்பது தீர்ந்தாலும் அந்தக் கடிதத்தை மூட முடியாது. அப்படியே கிடக்கும்.

7. முன்னாடியே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடு

கேட்டிருந்தால் அதன் கீழே "எனக்கும் வேணும்" என்று மட்டும் எழுதாதே. ஆதரவு ஓட்டுப் போடு. உன் அனுபவத்தில் புதிதாக ஏதாவது இருந்தால் சேர். வேறு ஃபோனிலும் அதே பிழை வருகிறது என்பது புதிய தகவல், "ப்ளீஸ் ப்ரோ" தகவல் இல்லை.

8. இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

- திரையை இன்னொரு ஃபோனால் ஆடி ஆடிப் படம் எடுப்பது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாதா உனக்கு?
- பின்னணியில் சினிமாப் பாட்டு போட்ட பத்து நிமிஷ வீடியோ. பிழை வருகிற பத்து நொடியை வெட்டி அனுப்பு.
- திருட்டுக் காப்பியில் வந்த பிழைக்கு உதவி கேட்பது. அது என்ன நியாயம் கண்ணு?
- கோபத்தில் ஒரு ஸ்டார் போடுவது. 2017 ஜூனில் ஜிடிஏ விளையாட்டுக்கு மோட் செய்ய உதவும் ஓப்பன்ஐவி கருவிக்குச் சட்ட நோட்டீஸ் வந்து அது நிற்கப்போன சமயத்தில், உலகமெங்கும் பிள்ளைகள் அந்த விளையாட்டுக்கு மோசமான ரேட்டிங்காகப் போட்டுத் தள்ளினார்கள். கருவி திரும்பி வந்தது உண்மைதான். அது கருவியே பறிபோகிற சமயம். உன் மெனு இடம் மாறியதற்கெல்லாம் அந்த ஆயுதத்தை எடுக்காதே.

9. இங்கிலீஷ் வராது என்று ஒதுங்காதே

முதலில் தமிழிலேயே எழுது: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. மூன்றும் குட்டிக் குட்டி வாக்கியமாக இருக்கட்டும். அதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் சுத்தமாக வரும். படிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடு. பிராகாவில் இருப்பவருக்கும் இந்தோனேஷியாவில் இருப்பவருக்கும்கூட இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. இலக்கணத்தைப் பார்த்து யாரும் மார்க் போட மாட்டார்கள்.

10. நீயே மோட் வெளியிடுகிறாயா?

தங்கச்சி, உன் பஸ்ஸை ஆயிரம் பேர் இறக்கிக்கொள்ள ஆரம்பித்தால் புகாரும் வரும். எந்த ஃபோன், எந்த வெர்ஷன், என்ன செய்தாய், ஸ்கிரீன்ஷாட் எங்கே என்ற நான்கு கேள்வியை மோட் கூடவே எழுதி வைத்துவிடு. அது இல்லாத புகாருக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பதில் எழுதாதே. செய்ய முடியாததை "பார்க்கலாம்" என்று இழுக்காமல் முடியாது என்றே சொல்லிவிடு. அசிங்கமாக எழுதுகிறவனைத் தயங்காமல் தடை செய். பெண் பிள்ளைகள் இதற்குப் பயந்துகொண்டு வெளியிடாமலேயே இருப்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

11. பதில் வந்ததும் காணாமல் போகாதே

"சோதனை வெர்ஷனில் சரி செய்திருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கட்டத்தில்தான் மறைந்துவிடுகிறார்கள். முதலில் உன் மேப்பையும் ஸ்கின்னையும் வேறு ஃபோல்டரில் காப்பி எடு. அப்புறம் சோதனை வெர்ஷனைப் போட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது, இல்லை இன்னும் வருகிறது என்று ஒரு வரி எழுது. பிளெண்டரும் கோடோவும் இலவசம். சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர். உன் ஒரு வரி இருந்தால்தான் அவர்கள் அந்தக் கணக்கை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்க முடியும்.

உன்னை ரொம்ப நாளாகத் தொல்லைப்படுத்தும் குறை ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். இன்று ராத்திரி பஸ் ஓட்ட உட்காருவதற்கு முன்னால் அதை எழுதி அனுப்பிவிடு.