செஞ்சிக் கோட்டைக்குக் கிளம்புறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

தங்கச்சி, தோழிகளோட செஞ்சிக்குப் போகப் போறேன்னு சொன்னே. நல்ல முடிவு. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகள்ல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. பாக்கி ஒண்ணு நம்ம விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோ. கதை தெரியாம ஏறினா அங்க வெறும் படிதான் மிச்சம். கதையை மட்டும் நம்பி ஏறினா கோட்டையில பாதி கண்ணுல படாது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த டிப்ஸ்.

1. நாளும் வழியும்

மார்கழி, தை மாசம்தான் ஏற்ற காலம். அக்னி நட்சத்திரத்துல நினைச்சுக்கூடப் பார்க்காதே, பாறை கொதிக்கும். அடைமழையில படி வழுக்கும். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியா திருவண்ணாமலை போற பஸ்ஸுல ஏறி, செஞ்சியில இறங்கு. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரர்கிட்ட "கோட்டைக்கு"ன்னு சொன்னா, "ராஜா கோட்டையா, ராணி கோட்டையா?"ன்னு கேட்பார். ராஜா கோட்டைன்னா ராஜகிரி, ராணி கோட்டைன்னா கிருஷ்ணகிரி. திருவண்ணாமலை ரோடு ரெண்டுக்கும் நடுவுலதான் போகுது. மூணாவது மலை சந்திரகிரி. அதுல சாதாரணமா யாரும் ஏறுறதில்ல. மூணு மலையையும் மதில் போட்டு முக்கோணமா இணைச்சிருக்காங்க பாரு, அதுதான் இந்தக் கோட்டையோட பலம்.

2. முதல்ல மேல, அப்புறம் கீழ

காலையில கதவு திறந்ததுமே ராஜகிரியில ஏறிடு. ஆயிரத்துக்கும் மேல படி இருக்கு. நிதானமா ஏறினா ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மதியத்துக்கு மேல ஒரு நேரம் தாண்டினா மலையேற விடமாட்டாங்க. அது எத்தனை மணின்னு டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கோ. கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம் எல்லாம் அடிவாரத்துலயே இருக்கு, இறங்கி வந்து நிழல்ல ஆற அமரப் பார்க்கலாம். கல்யாண மகால் மேல்மாடி வரைக்கும் சுட்ட மண் குழாயில தண்ணி ஏத்தியிருக்காங்க. கட்டடத்தை போட்டோ எடுத்ததோட திரும்பிடாதே, அந்தக் குழாய்த் தடத்தையும் தேடிப் பாரு.

3. பையில என்ன?

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. மேல கடை கிடையாது. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடு. துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கோ. பாத்ரூம் கீழதான், ஏறுறதுக்கு முன்னாடியே போயிடு. குரங்குங்களுக்கு பாலிதீன் கவர்னா தின்பண்டம்னு அர்த்தம், கையிலிருந்தே பிடுங்கிடும். எல்லாத்தையும் ஜிப் போட்ட பையில வச்சுக்கோ. ஆளில்லாத மண்டபத்துப் பக்கம் தனியா ஒதுங்காதீங்க, நாலு பேரும் சேர்ந்தே நடங்க.

4. கதையை அது நடந்த இடத்துல நின்னு கேளு

ராஜகிரிப் படியேறும்போது வழியில கமலக்கண்ணியம்மன் கோயில் வரும். கோட்டையைக் காக்கிறவ அவதான்னு ஊர்ல நம்பிக்கை. ஷூவைக் கழட்டிட்டுப் போ, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ. இந்த மலையில ஆடு மேய்ச்ச ஆனந்தக்கோன் புதையல் எடுத்து முதல் கோட்டையைக் கட்டினார்னு ஒரு கதை இருக்கு. அடுத்து வந்த கிருஷ்ணக்கோன் பேர்லதான் கிருஷ்ணகிரியாம்.

உச்சிக்குச் சற்று முன்னால பாறை ரெண்டாப் பிளந்து கிடக்கும். அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இப்ப அதுமேல சின்னப் பாலம் இருக்கு. அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா வந்த படை இந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான். 1677-ல சிவாஜி பிடிச்ச கோட்டை இது. பின்னால அவர் மகன் ராஜாராம் இங்க வந்து இருந்துக்கிட்டு முகலாயப் படையை வருஷக்கணக்கா இழுத்தடிச்சார். 1698-ல கோட்டை விழுறதுக்குள்ள அவர் தப்பியும் போயிட்டார். அத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடிக்க முடிஞ்சதுன்னு அந்தப் பாலத்துல நின்னு கீழ பார்த்தா உனக்கே புரியும்.

சக்கரக்குளத்துப் பக்கம் பெரிய பாறையில ஒரு குழி இருக்கும். குற்றவாளியை உள்ளே இறக்கி, சோறு தண்ணி இல்லாம சாகவிடுவாங்களாம். எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு விளிம்புல ஏறாதே.

5. தேசிங்கு ராஜா விஷயத்துல ரெண்டு கணக்கு

செஞ்சியில யாரைக் கேட்டாலும் தேசிங்கு கதைதான். டெல்லியில யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையைச் சின்ன வயசுலயே அடக்கினவன். அவன் போருக்குக் கிளம்பினான்னு கேட்டதும் தாலி கட்டற நேரத்துல மணவறையை விட்டு எழுந்து, நீலவேணிக் குதிரையில பறந்து வந்த முஸ்லிம் நண்பன். தேசிங்கு இறந்த சேதி கேட்டுத் தீக்குளிச்ச ராணி. தெருக்கூத்துலயும் பாட்டுலயும் வளர்ந்த கதை, 1960-ல எம்.ஜி.ஆர் நடிச்ச படமாவும் வந்துச்சு.

வரலாறு சொல்ற கணக்கு சின்னது. அவர் பேரு தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங்குக்குப் பிறகு 1714-ல செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்தார். அதே வருஷம் அக்டோபர்ல போர்ல இறந்தார், அப்ப வயசு 22. ஆண்டது ஒரு வருஷம்கூட இல்ல. மதில்ல பெரும்பகுதி அவருக்கு முன்னால ஆண்டவங்க கட்டினது. ஆனா ஊர் ஞாபகம் வச்சிருக்கறது, தோத்துப்போன அந்தப் பையனைத்தான். ஜெயிச்ச நவாப் பேர்ல இருக்கற மசூதியும் கோட்டைக்குள்ளயே இருக்கு, தாண்டிப் போயிடாதே.

அதனால ஊர்ப் பெரியவர் யாராவது கதை சொன்னா நடுவுல வருஷம் சொல்லித் திருத்தாதே. முழுசாக் கேளு. "இது எந்த இடத்துலங்கய்யா?"ன்னு மட்டும் கேளு. அவர் கை காட்டுற இடம், எந்தப் பலகையிலயும் எழுதாத ஒண்ணா இருக்கும்.

6. பக்கத்துல ரெண்டு இடம்

சிங்கவரம் குடைவரைக் கோயில்ல ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கார், பல்லவர் காலத்து வேலை. "இன்னிக்குப் போருக்குப் போகாதே"ன்னு பெருமாள் தடுத்தும் தேசிங்கு கேட்கல, அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு சொல்வாங்க. இன்னொண்ணு, ஊரை ஒட்டின திருநாதர்குன்று. ஒரே பாறையில 24 தீர்த்தங்கரரையும் செதுக்கியிருக்காங்க. சந்திரநந்தின்னு ஒரு சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சேதியைச் சொல்ற பழைய கல்வெட்டும் அங்கதான். தேசிங்குக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தின செஞ்சி அது.

7. அரை நாள்தான் கைவசம்னா

ராஜகிரி உச்சி, கிருஷ்ணகிரி ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு பேராசைப்படாதே, முழங்கால் ரெண்டு நாளைக்குப் பேசாது. முட்டிவலி உள்ளவங்க கூட வந்தா கல்யாண மகால், களஞ்சியம், மசூதி, வெங்கட்ரமணர் கோயில் போதும். இது அத்தனையும் அடிவாரத்துலதான், படியேறாமலே அரை நாள் நிறைஞ்சிடும். நல்லா நடக்கறவங்கன்னா ராஜகிரியை மட்டும் எடுத்துக்கோங்க. கிருஷ்ணகிரியை அடுத்த லீவுக்கு வச்சுக்கலாம், அப்ப நானும் வர்றேன்.