மேல் ஏரியின் செலவு கீழ் ஏரியின் வரவு: கணிப்பொறியில் நீர்க்கணக்கைக் கோக்கும் முறை

பச்சைமலைச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி அரும்பாவூர்ப் பகுதிக்கு வருகின்றது. ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இடங்களில், மேல் ஏரி நிரம்பியபின் அதன் உபரி நீர் கலிங்கு வழியே புறப்பட்டுக் கீழ் ஏரிக்கு வரவாகும். இக்கணக்கை நம் உழவர் பெருமக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தடுப்பணைக்கும் பண்ணைக் குட்டைக்கும் இடம் தேரக் கணிப்பொறியில் செய்யும் கணக்கும் இவ்வொழுங்கிலேயே நடைபெறுகின்றது. ஆதலின் அதன் இறுதி வரைபடத்தை மட்டும் கண்டு ஒப்பமிடாமல், அது பிறந்த வழியையும் ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய 'கியூஜிஐஎஸ்' என்னும் நிலவரைபட மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதில் 'மாதிரி வடிவமைப்பான்' என்றொரு பகுதி உண்டு. ஒரு வெண்பலகையில் ஒவ்வொரு கணக்கையும் ஒரு பெட்டியாக வைத்து, முன் பெட்டியின் விளைவே பின் பெட்டியின் வரவு என்று குறித்துவிட்டால், இரண்டிற்கும் இடையே ஒரு கோடு விழும். பின்னர் ஒருமுறை இயக்கினால் கணக்கு முழுவதும் தானே ஓடி முடியும். கோக்காமல் தனித்தனியே செய்வோர் ஒவ்வொரு விளைவையும் ஒரு கோப்பில் சேமித்து மீண்டும் திறக்க வேண்டும். சென்ற மாதத்துக் கோப்பை மறதியால் எடுத்துக் கொடுத்துவிடுவதும் உண்டு.

நீர்க்கணக்கின் முதல் வரவு நில உயரப்படம். 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்து ஆக்கிய உயரப்படத்தை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 'புவன்' தளத்தின் வழியே அளித்துள்ளது. அதில் 30 மீட்டர்ச் சதுரம் ஒரு கட்டம். அதாவது ஏறத்தாழ 22 சென்ட் நிலத்திற்கு ஓர் உயரமே உண்டு. முதற்பெட்டி இப்படத்திலுள்ள பள்ளங்களை நிரப்பும். அடுத்தது, ஒவ்வொரு கட்டத்தின் நீரும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எதனை நோக்கிச் சரியும் என்று காணும். மூன்றாவது, எத்தனை கட்டங்களின் நீர் ஓரிடத்தில் சேர்கின்றது என்று எண்ணும். 1000 கட்டங்கள், அதாவது 90 ஹெக்டேர் நிலத்து நீர், சேருமிடத்திலிருந்து ஓடை தொடங்குவதாகக் கொள்ளலாம். பிறகு நீர்ப்பிடிப்பின் எல்லையும் ஓடிவரும் நீரின் அளவும் கிடைக்கும்.

இவற்றுள் முதற்பெட்டியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் பிழையால் தோன்றும் பள்ளங்களில் நீர் தேங்கிக் கணக்கு நின்றுவிடாதபடி அவற்றை மேடாக்குவதே அதன் பணி. ஆனால் பிழையான பள்ளம் எது, முன்னோர் கரையிட்டுக் காத்த ஏரி எது என்று அப்பெட்டிக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே கையால் மூடிவிடும்! சில மீட்டர் அகலமே உள்ள கரையும் 30 மீட்டர்க் கட்டத்தில் கரைந்துபோகும். விளைவு யாதெனில், கணிப்பொறியில் ஏரிநீர் கலிங்கை விட்டு வேறு மூலையில் வெளியேறும். அடுத்த பெட்டி அதனையே மெய்யெனக் கொள்ளும். இறுதியில், நீரே வராத காட்டில் தடுப்பணை குறிக்கப்படும். வரைபடமோ வண்ணத்தில் மிக அழகாகவே இருக்கும்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்களைச் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். முதலில் வரையும் அளவு தவறினால் இறுதியில் இடும் மெருகு அதனைத் திருத்தாது.

இதற்கு மாற்று உண்டு. பெரிய ஏரி, சித்தேரி ஆகியவற்றின் கரை, கலிங்கு, வரத்து வாய்க்கால் எங்கெங்கே உள்ளன என்பதை ஊரார் நடந்து காட்ட, அவற்றை வரைந்து, பள்ளம் நிரப்புவதற்கு முன்னரே உயரப்படத்தில் பதித்துவிடலாம். கோத்த கணக்கின் பெரும்பயன் இங்கேதான் விளங்குகின்றது. புதிய பெட்டி ஒன்றை இடையில் செருகி மீண்டும் இயக்கினால், கீழுள்ளவை யாவும் தாமே திருந்தும்.

அளவில் வரும் மாறுதலையும் பார்ப்போம். 1950-களில் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை வகுத்த முறையில், மண்ணையும் பயிரையும் பொறுத்து நிலத்திற்கு 100-க்குள் ஓர் எண் தரப்படும். எடுத்துக்காட்டாக, 90 ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கின்றதென்போம். எண் 80 எனில் ஓடிவரும் நீர் சுமார் 12,400 கன மீட்டர். 75 எனில் சுமார் 8,360 கன மீட்டர்தான். 30 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டைகளாக எண்ணினால், முன்னதில் ஏறத்தாழ ஏழு நிரம்பும். பின்னதில் ஐந்துகூட நிரம்பாது. மக்காச்சோளக் காட்டிற்கும் பருத்திக் காட்டிற்கும் கரட்டு நிலத்திற்கும் ஒரே எண்ணை இட்டிருக்கின்றார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அலகுப் பிழையும் ஒன்று. கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருக்க, அப்படியே சரிவுக் கணக்கிற்கு அனுப்பினால், சமதரை வயலும் செங்குத்துப் பாறையாகத் தோன்றும். நம் பகுதிக்குரிய 44 வடக்கு மண்டலத்திற்குப் படத்தை மாற்றும் பெட்டி தொடக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

2021 ஆகஸ்டில் ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளைத் திட்டமிட 'யுக்ததாரா' என்னும் தளம் தொடங்கப்பட்டதிலிருந்து இத்தகைய வரைபடங்கள் ஊராட்சிகளுக்குப் புதியனவல்ல. வரைபடம் கொணரும் அலுவலரிடம் பெட்டிகளும் கோடுகளும் கொண்ட அந்த மாதிரியையும், பள்ளம் நிரப்பியபின் கிடைத்த இடைப்படத்தையும் கேட்டுப் பெறலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அப்படத்தை எடுத்துக்கொண்டு, நீர் பாய்ச்சும் முதியோர் ஒருவருடன் ஏரிக்கரையில் ஒரு நாள் காலை நடந்து வந்தால், திருத்த வேண்டிய இடங்கள் அன்றே தெரிந்துவிடும்.