போதைப் புகையும் கருகும் விரல்களும்

கஞ்சா அறிவை மயக்கும் என்பதை அறியாதவர் இல்லை. அது விரலையும் கருக்கும் என்பதை அறிந்தவர் சிலரே. மொரோக்கோவில் கஞ்சாவைப் புகையிலையோடு நறுக்கிக் கலந்து, 'கீஃப்' என்று நீண்ட குழாயில் புகைக்கும் வழக்கம் உண்டு. அங்குள்ள வாலிபர் சிலருக்குக் கை கால்களின் இரத்தக் குழாய்கள் அடைபட்டதை 1960-ல் மருத்துவர்கள் எழுதினர். 1908-ல் லியோ பர்கர் விவரித்த புகையிலை நோய்தான் இதுவோ என்னும் விவாதம் இன்னும் தீரவில்லை. எதுவாயினும் முதல் சிகிச்சை ஒன்றே: கஞ்சாவையும் புகையிலையையும் அறவே விடுவது. "கஞ்சாவை விட்டுவிட்டேன், பீடி மட்டும்தான்" என்பது விடுதல் ஆகாது.

குளிரில் விரல் நுனி வெளுத்து நீலம் பாரித்தல், சும்மா இருக்கும்போதும் வலித்தல், நகக்கண் புண் ஆறாதிருத்தல் இவை அடையாளங்கள். மருத்துவர் குழாயை விரிக்கும் நிஃபெடிபின் போன்ற மாத்திரையோ, ஐலோபிராஸ்ட் என்னும் மருந்தை நரம்பு வழியாகவோ கொடுப்பார். வீட்டில் செய்ய வேண்டியது கையைக் கதகதப்பாக வைப்பது. மரத்த கையை நெருப்பில் காட்டினால் வெந்து போவதுகூடத் தெரியாது.

தாய்மார்களே! மானம் போகுமென்று மகனின் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். போதை ஊசி தவறித் தமனியில் ஏறி, கை எரிந்து வெளுத்தால், காலை வரை காத்திராமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தம்மை அழிவில் போட்டுக்கொள்வதை அல்குர்ஆன் (2:195) தடுக்கிறது. போதையோ ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹராமைச் செய்தவன் என்பதற்காக அவனுக்கு வைத்தியம் மறுக்க ஷரீஅத்தில் இடமில்லை.

இனி உளூ. குளிர்ந்த நீர் இந்நோயில் குழாயை மேலும் சுருக்கும். ஆகவே சுப்ஹுக்கு வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்தலாம். அதில் மக்ரூஹ் இல்லை. புண்ணில் நீர் படக் கூடாதென மருத்துவர் சொன்னால், ஷாஃபிஈ மத்ஹபினர் நல்ல பகுதியைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபினர் கட்டின்மேல் தடவினால் போதும், தயம்மும் சேர்க்க வேண்டியதில்லை. தலையில் காயம்பட்டவரைத் தோழர்கள் குளிக்கச் சொல்ல, அவர் மரணமடைந்ததும், அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதும் அபூதாவூதில் உள்ளன.

விரலை எடுத்துவிட நேர்ந்தால், எஞ்சிய கையை முழங்கை வரை கழுவுவது ஃபர்ளு. எடுத்த விரலைத் துணியில் சுற்றி அடக்கிவிட வேண்டும். அதற்கு ஜனாஸாத் தொழுகை இல்லை.