கோழிப்போரும் ‘ஆடுகள’மும்

மறைவிடமொன்றில் மக்கள் கூடி, உயிரைப் பணயமாக வைத்து ஆடும் போட்டியைக் கதைப்பொருளாகக் கொண்டு திடுக்கிடத்தக்க திரைப்படங்கள் பல நாட்டிலும் எடுக்கப்படுகின்றன. அத்தகைய கதைக்குக் கற்பனையைத் தேடி நாம் நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. நம் நாட்டுக் கோழிப்போரே அதற்குப் போதிய சான்றாகும். அதன் பழைமையையும், அதனைப் பொருளாகக் கொண்டெழுந்த ‘ஆடுகளம்’ என்னும் படத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கீழ்பென்னாத்தூர் உளது. இவ்வூரை நடுவாக வைத்து இருபுறமும் நோக்குவோம். மேற்கே செங்கம் முதலிய பகுதிகள் நடுகற்கள் மலிந்தவை. அப்பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லொன்று, கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற ‘கோவிவன்’ என்னும் நாயின் பெயரைப் பொறித்துப் போற்றுகின்றது. கிழக்கே விழுப்புர மாவட்டம் புகுந்து செஞ்சியைக் கடப்பின், அரசலாபுரத்தில் சேவலொன்றின் உருவம் செதுக்கிய கல்லைக் காணலாம். முகையூர் மேற்சேரியைச் சார்ந்த அச்சேவல் போரிட்டு மாண்டதன் நினைவாக அக்கல் நாட்டப்பெற்றது என்பர் கல்வெட்டறிஞர். வீரனுக்குரிய சிறப்பைப் பறவைக்கும் அளித்தனர் அக்காலத்தவர்.

இலக்கியமும் இதற்குத் துணைநிற்கின்றது. உறையூருக்குக் கோழி என்னும் பெயருண்டு. யானையைக் கோழி வென்ற கதையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் ‘கோழி வென்றி’ ஒரு துறையாகவே அமைந்துள்ளது. இவற்றினும் நுட்பமானது குறுந்தொகையின் 305ஆம் பாட்டு. குப்பைமேட்டில் இரு கோழிகள் தாமே பொருகின்றன, ஊக்குவாருமில்லை, விலக்குவாருமில்லை, அப்போர் தானே தொடங்கித் தானே முடியவேண்டும். தலைவியின் காதல்நோய்க்கு இதனை உவமையாக்கிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவ்வுவமையால் ‘குப்பைக்கோழியார்’ என்னும் பெயரே நிலைத்தது.

இவ்வுவமையை உளத்திற்கொண்டு மனிதர் நடத்தும் கோழிப்போரை நோக்குமின். சேவல்கள் இயல்பாகவே பொருவன என்பது மெய்யே. ஆயினும் தளர்ந்த சேவல் விலகியோட இடமிருப்பின் பெரும்பாலும் ஓடிப் பிழைக்கும். அவ்விடத்தை அடைப்பவன் மனிதன். களத்தைச் சூழ்ந்து நிற்கின்றான், காலிற் கத்தி கட்டுகின்றான், சோர்ந்ததன்மேல் நீர் தெளித்து மீண்டும் விடுகின்றான், பந்தயம் கட்டுகின்றான். தோற்ற சேவல் ‘கோச்சை’ எனப் பெயர்பெற்று அடுப்பிற்குச் செல்கின்றது. குப்பைமேட்டில் விலக்குவார் இல்லாமையால் போர் நீண்டது. களத்திலோ நூறுபேர் நின்றும் விலக்குவார் ஒருவரும் இலர்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தன் 11ஆம் பிரிவினால், கேளிக்கைக்காக விலங்குகளைப் பொரவிடுதலையும் அதற்கெனக் களம் நடத்துதலையும் குற்றமாக்கிற்று. இங்கிலாந்தில் இதற்குரிய தடை 1835இலேயே பிறந்தது. அமெரிக்க மாகாணங்களுள் லூயிசியானா இறுதியாக 2008இல் தடையை நடைமுறைப்படுத்திற்று. சட்டம் வந்தபின் ஆட்டம் முற்றும் ஒழியாது, ஒதுக்கமான தோப்புகளைத் தேடிக்கொண்டது. கத்தி தன்னைக் கட்டியவனையும் அறியாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தெலுங்கானாவின் லொத்துனூர் என்னும் சிற்றூரில், சேவலின் காலிற் கட்டிய கத்தி பட்டு அதனைக் கொணர்ந்தவரே குருதி சிந்தி இறந்தார்.

இத்துணை இடர் இருந்தும் மக்கள் ஏன் ஆடுகின்றனர்? கிளிஃபர்டு கீர்ட்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் 1958இல் பாலித் தீவில் தங்கியிருந்தபொழுது, தடைசெய்யப்பட்ட கோழிப்போர்க் களத்தினுள் போலீஸார் புக, ஊராரோடு தாமும் ஓடினார். அவர் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் முடிபு யாதெனின், பெரும்பந்தயங்களில் மெய்யாகப் பணயம் வைக்கப்படுவது பணமன்று, ஆடுவோரின் மதிப்பே என்பதாம்.

வெற்றிமாறன் இயக்கி 2011ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த ‘ஆடுகளம்’ இவ்வுண்மையை மதுரை மண்ணில் வைத்துக் காட்டுகின்றது. சேவல் வளர்ப்பில் பெரும்புகழ் கொண்ட முதியவர் பேட்டைக்காரன். அவர்தம் மாணாக்கன் கருப்பு. ஒரு சேவல் போருக்குத் தகாது, கொன்றுவிடுக என்கின்றார் ஆசான். கருப்பு கொல்லானாய், அதனையே களத்தில் இறக்கி வெல்கின்றான். வென்றது ஆசானின் கூட்டமே. எனினும் தோற்றது ஆசானின் தீர்ப்பு. அன்றுதொட்டு அவர் நெஞ்சில் அழுக்காறு புகுந்து, நண்பரைப் பிரிக்கவும் அடுத்துக் கெடுக்கவும் அவரைத் தூண்டுகின்றது. முடிவில் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள, கருப்போ ஆசானின் பெயர் கெடலாகாதென்று உண்மையை உரையாது ஊரைவிட்டு நீங்குகின்றான். பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உள்ளிட்ட தேசிய விருதுகளை இப்படம் பெற்றது.

இப்படத்தில் கொடிய போர் நிகழ்வது களத்தினுள் அன்று, ஆசானின் உள்ளத்தினுள். சேவல்களின் பகை அப்பொழுதே முடிகின்றது. மனிதரின் பகையோ வீட்டிற்கும் தெருவிற்கும் தொடர்கின்றது. கருப்பு வென்றவுடன் ஆசான், ‘என் கணிப்புப் பிழைத்தது, என் மாணாக்கன் வென்றான்’ என்று மகிழ்ந்திருப்பின் அவர் புகழ் இருமடங்காகியிருக்கும். அவ்வொரு சொல்லை அவரால் சொல்ல இயலவில்லை. அவரைச் சூழ்ந்திருந்தோரும் அவர் சொற்படி நடந்தனரேயன்றி, மனத்தின் மாற்றத்தைக் கண்டு இடைபுகுந்து விலக்கினாரல்லர்.

ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் இதனை எழுத முற்பட்டது இக்காரணம் பற்றியே. கல்லூரியிலும் போட்டிகள் உள, பரிசுகள் உள, முந்தியவரும் பிந்தியவரும் உளர். மாணாக்கன் தம்மைக் கடந்து செல்லுங்கால் ஆசிரியர்க்கு மகிழ்ச்சியும், கடந்து சென்றபின் மாணாக்கனுக்குப் பணிவும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையுமிடத்து, அருகில் நிற்கும் நாம் பந்தயம் கட்டுவோராகவோ வேடிக்கை பார்ப்போராகவோ இராமல், விலக்குவோராக இருக்கக் கடமைப்பட்டுள்ளோம்.