அடுத்த வீட்டு அழுகுரலும் நமது கடமையும்



புறம் பேசுதல் பெரும் பாவம்; பிறர் குறையை மறைப்பது நன்மை. இவ்விரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஓதியறிந்த பாடங்கள். ஆனால், ஓரிடத்தில் இவை தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. அடுத்த வீட்டில் ஒருவர் தம் மனைவியை அடிக்கிறார். அலறல் சுவரைத் தாண்டி வருகிறது. "அது அவர்கள் குடும்ப விஷயம், வெளியே சொன்னால் கீபத் ஆகிவிடும்" என்று நாம் சன்னலைச் சாத்திக் கொள்கிறோம். இது மார்க்கம் காட்டிய பேணுதல்தானா?

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஒருவரின் குறையை அவர் இல்லாதபோது சொல்ல அனுமதியுள்ள இடங்களை 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் ஆறாக வகுத்துள்ளார்கள். அநீதிக்குள்ளானவர் நீதி வழங்குவோரிடம் முறையிடுவது, தீமையைத் தடுக்க வல்லவரிடம் உதவி கோருவது, மார்க்கத் தீர்ப்புக் கேட்பது, பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது ஆகிய நான்கும் அவற்றில் அடங்கும். ஆகவே, அடிபடும் பெண் வாய் திறந்தால் அது புறமன்று. அவளுக்காக நாம் உதவி கேட்டாலும் புறமன்று. மறைக்க வேண்டியது ஒருவர் தமக்கும் இறைவனுக்கும் இடையே செய்த குற்றத்தை. இன்னொருவர் உடலில் விழும் அடியையன்று.

"மனைவியை அடிக்கத் திருமறையே இடம் தருகிறதே" என்று அந்நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தைத் தம் கோபத்திற்குக் கேடயமாக்குவோர் உண்டு. அவர்கள், அம்மறை யாருக்கு அருளப்பட்டதோ அவர்களின் இல்லத்தைப் பார்க்கட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் தம் கையால் அடித்ததேயில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீது முஸ்லிமில் உள்ளது. கணவர்மாரைப் பற்றிப் பெண்கள் பலர் முறையிட வந்தபோது, அத்தகைய கணவர்கள் சிறந்தவர்கள் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே கண்டித்ததை அபூதாவூதில் காண்கிறோம்.

இனி, சாதாரண மக்களாகிய நாம் செய்யக் கூடியவை யாவை?

முதலாவது, மாப்பிள்ளை விசாரிக்க வருவோரிடம் உண்மை சொல்வது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டனர். அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் கையில் பொருளில்லாதவர் என்றும், மற்றவர் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். முதல் மனைவியை அடித்து விரட்டியவர் என்று தெரிந்தும் "நல்ல பையன்தான்" என்று சொல்லி அனுப்பினால், இரண்டாவது பெண் படும் அடியில் நமக்கும் பங்குண்டு.

இரண்டாவது, அலறல் கேட்டதும் கதவைத் தட்டுவது. உப்புக் கேட்டுப் போனாலும் சரி, ஓங்கிய கை அந்த நேரம் தாழும். தனியாகப் போவது ஆபத்தெனில் நாலு பேராகப் போங்கள். உயிருக்கு ஆபத்தெனில் உடனே 112க்குத் தொலைபேசி செய்யுங்கள். பின்னர், வீட்டுப் பெண்கள் அவளைத் தனியே சந்தித்து, அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்கட்டும். அவளைக் கேளாமல் எதையும் பரப்ப வேண்டாம்.

மூன்றாவது, பஞ்சாயத்தின் பெயரால் அவளை மீண்டும் அடிக்கு அனுப்பாதிருப்பது. இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்குமாறு அந்நிஸா 35ஆம் வசனம் கூறுவது, இருவரையும் கேட்டு நீதமாக நடக்கவே. "பொறுத்துப் போ" என்று பெண்ணிடம் மட்டும் சொல்வது நடுநிலையன்று. கணவரின் அடியால் எலும்பு முறிந்த ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) வந்து முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பியனுப்பவில்லை. கணவரை அழைத்து, கொடுத்த மஹரைப் பெற்றுக் கொண்டு பிரியுமாறு கூறினார்கள். மகள் திரும்பி வந்தால், "ஊர் என்ன சொல்லும்?" என்று கேளாத பெற்றோரே அவளுக்கு அரண்.

நான்காவது, சட்டத்தை அறிந்திருப்பது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் உரியது. கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி பெறலாம்.

'அல்முஜாதலா' என்ற அத்தியாயமே, தன் கணவரைப் பற்றி முறையிட்ட ஒரு பெண்ணின் பொருட்டு இறங்கியது. அதே வீட்டில் இருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் அவள் சொன்னதில் சில கேட்கவில்லை. அல்லாஹ் கேட்டான். ஒற்றைச் சுவருக்கு அப்பால் இருந்து எல்லாம் கேட்ட நாம், நாளை மறுமையில் "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்ல முடியுமா?

அநீதிக்குத் துணை போகாத நாவையும், அதைத் தடுக்கும் துணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.